தெரிவும் அமானிதமும்

கதை எழுதுபவனைக் கொண்டாடுகிறோம். கதையைத் தெரிந்தெடுப்பவனை மறந்துவிடுகிறோம். பம்பாயின் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாயிருந்த பால் போண்ட்கே, பின்னர் அறிவியல் இதழாசிரியரானார். 1993இல் இந்திய மொழிகள் பலவற்றின் 19 விஞ்ஞானக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தார். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. தமிழிலிருந்து சுஜாதாவும் அதில் இடம்பெற்றார். பிறமொழி வாசகருக்கு அது ஒரு சாளரம். ஆனால் சாளரத்துக்கு அளவுண்டு. வெளியே நிற்பவரெல்லாம் அதில் தெரியமாட்டார்.

அப்படியாயின், விடுபட்டவனுக்குத் தொகுப்பாளன் அநீதி செய்தவனா?

கொட்டியாரக் குடாவோரத்துப் பாடசாலையொன்றில் கையெழுத்துச் சஞ்சிகைக்கு நானும் கதை தெரிந்திருக்கிறேன். துறைமுகத்துக் கப்பல்கள் இரவில் தமக்குள் பேசிக்கொள்வதாக ஒரு மாணவன் எழுதியிருந்தான். நடவாததை எழுதாதே என்று திருப்பிக் கொடுத்தேன். அவன் பிறகு எழுதவேயில்லை.

இடமின்றி விடுவது குற்றமன்று; எந்தத் தொகுப்பும் எல்லாரையும் கொள்ளாது. தன் ருசியையே நீதியென நம்பி ஒருவனின் கற்பனையை அடைத்துவிடுவதே குற்றம். பிறர் எழுத்து நம் கைக்கு வந்தால் அது அமானிதம். பிரசுரிக்காவிட்டாலும் காரணத்தோடும் மதிப்போடும் திருப்பித் தரவேண்டும். அந்தக் கடன் என்மீது இன்னும் நிற்கிறது.