உயிரைக் காப்பவனுக்குக் கூலி வேண்டாமா?



1981 டிசம்பர் 19. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறே நாள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரைக்கு அருகே, 'யூனியன் ஸ்டார்' என்ற புத்தம்புதிய சரக்குக் கப்பல் எஞ்சின் நின்றுபோய்ப் பாறைகளை நோக்கி அடித்துக்கொண்டு போகிறது. கப்பலில் எட்டுப் பேர். கேப்டனுடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அதில் உண்டு. ஹெலிகாப்டர் வந்தும் காற்றில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்பொழுது மவுசல் என்கிற மீனவ கிராமத்து ஆட்கள் எட்டுப் பேர் 'சாலமன் பிரவுன்' என்ற மரப்படகில் புறப்பட்டார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லி, படகின் தலைவர் ஒரு வாலிபனைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாலு பேரை மீட்டாயிற்று என்று ரேடியோவில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து பதினாறு பேர் மாண்டார்கள். ஒரு நாளைக்குள்ளே அதே கிராமத்தில் புதுக் குழுவுக்குப் போதுமான ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள்!

அந்த எட்டுப் பேரும் சம்பளக்காரர்கள் அல்ல. 1824-ல் ஆரம்பித்த அந்த உயிர்காப்புப் படகுச் சங்கம் இன்றைக்கும் பெரும்பாலும் தொண்டர்களைக் கொண்டு, ஜனங்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் அந்த ராத்திரியில் இன்னொருவரும் விழித்திருந்தார். ஃபால்மத் கடலோரக் காவல் நிலையத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, பதில் வராத படகைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சம்பளத்துக்கு வேலை செய்தவர்.

நாம் படகில் போனவரை நினைக்கிறோம். ரேடியோவில் கூப்பிட்டவரை மறந்துவிடுகிறோம். கடலிலிருந்து வரும் அபயக்குரலை முதலில் கேட்பது அவருடைய காதுதான். எந்தப் படகை அனுப்புவது, ஹெலிகாப்டர் தேவையா, நீரோட்டம் ஆளை எங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பதையெல்லாம் அவர்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு தப்புக் கணக்கு, ஒரு ஆத்துமா போய்விடும்.

1822-ல் உண்டான அந்தக் கடலோரக் காவல் பணியின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, 2008 மார்ச்சில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளில் இதே மாதிரி வேலை செய்பவர்களைவிட எங்களுக்குச் சம்பளம் ரொம்பக் குறைவு. புதிதாய்ச் சேருகிறவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைவிடக் கொஞ்சம்தான் கூட என்று அவர்களுடைய சங்கம் சொன்னது.

சிலர் கேட்பார்கள்: "மவுசல் கிராமத்தார் சும்மா போய் உயிரையே கொடுத்தார்களே, இவர்களுக்கு என்னங்க காசு ஆசை?" எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தண்ணீரில் தத்தளிக்கிறவன் இவர்களுக்குச் சம்பளம் போடுகிற முதலாளி அல்லவே, அவனை வைத்தா பேரம் பேசுவது? இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். காணிக்கை கொடுக்கிறவன் கையிலிருந்து மனதார வரவேண்டும். வாங்குகிறவன் "நீ இதைக் காணிக்கையாய் வைத்துவிட்டுப் போ" என்றால் அதற்குப் பெயர் காணிக்கையா? மவுசல் ஆட்கள் கொடுத்தது அவர்களுடைய காணிக்கை. அதைக் காட்டி இன்னொருத்தன் கூலியைக் குறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. இன்னும் ஒன்று. நல்ல மனசுள்ளவன் மூழ்குகிறவனை விட்டுப் போகமாட்டான் என்பது முதலாளிக்கு நன்றாய்த் தெரியும். அந்த இரக்கத்தையே அடகாகப் பிடித்துக்கொண்டு குறைவாய்க் கொடுத்தால், நாளடைவில் என்ன ஆகும்? இரக்கமுள்ளவனுக்குத்தான் எல்லாரையும்விடக் குறைந்த கூலி மிஞ்சும். யாக்கோபு கூலியைப் பற்றி எழுதும்போது வயலை அறுத்தவர்களைச் சொல்லுகிறார். அவர்கள் மனமகிழ்ச்சியோடு அறுத்தார்களா, முறுமுறுத்து அறுத்தார்களா என்று விசாரிக்கவில்லை.

அதே பிரிட்டனில் கடலோர மீட்புத் தொண்டர்களும் உண்டு. கூப்பிட்ட நேரத்துக்கு ஓடுகிறவர்கள். சில பணிகளுக்கு அவர்கள் பணம் கேட்டு வாங்கலாம் என்று விதி இருந்தும், அநேகர் கேட்டதே இல்லை. 2024-ல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பணம் பெறும் உரிமையுள்ள பணிகளைச் செய்யும்போது அப்படிப்பட்ட தொண்டரும் சட்டப்படி ஒரு தொழிலாளிதான் என்று தீர்ப்புச் சொன்னது. கேட்காமல் இருப்பது அவர்கள் பெருந்தன்மை. கேட்டால் கொடுக்கவேண்டியது மற்றவர் கடமை. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிவிடுகிறோம்.

தூரதேசத்துக் கதையைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நம் ஆலயத்தில் ராக்காவல் இருக்கிற ஐயா போன வருஷம் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது, "ஊழியமா நினைச்சுச் செய்யுங்க ஐயா" என்று சொன்னவன் நானேதான். "சரிங்க பாஸ்டர்" என்று போய்விட்டார். எட்டு மாதம் அவர் திரும்பக் கேட்கவில்லை. அவருக்குத் திருப்திதான் என்று நினைத்துக்கொண்டேன். சபையைக் கேட்காமல் நானாகச் சொன்ன வார்த்தை அது. போன மாதம் கமிட்டியில் இதை வைத்தேன். சம்பளத்தைக் கூட்டி, அந்த எட்டு மாத வித்தியாசத்தையும் கொடுக்க முடிவானது. கவரைக் கையில் கொடுத்தபோது, எண்ணாமல் வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் நின்று இரண்டு தடவை எண்ணிவிட்டு, "சரியா இருக்குங்க" என்றார்.