துக்க வருஷத்துக் கிறிஸ்துமஸ்

தந்தையோ தாயோ மறைந்த வீட்டில் அவ்வருஷம் பண்டிகை கிடையாது என்பது, காஞ்சிபுரத்தில் எவரும் எழுதிவைக்காத, ஆயினும் எளிதில் எவரும் மீறத் துணியாத ஆசாரம். தீபாவளிக்கு அவ்வீட்டில் எண்ணெய்ச்சட்டி அடுப்பேறுவதில்லை. பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்து மிஷனரிமார் பள்ளிக்கூடம் நடத்திய இந்நகரில், 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றிலும், தெருவாரோடு கலந்து வாழ்ந்ததன் பயனாக, இவ்வழக்கம் ஊறியிருக்கிறது. துக்க வீட்டில் டிசம்பர் மாதத்து நட்சத்திர விளக்கு ஏறாது, புத்தாடை எடுப்பதில்லை, அண்டை வீடுகளுக்குப் பலகாரத் தட்டும் போவதில்லை. உயிர்த்தெழுதலை விசுவசிக்கிற ஒரு குடும்பத்துக்கு இது தர்மந்தானா என்பது ஆராயத்தக்க கேள்வி.

ஆசாரத்தின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. தாய் தந்தையரைக் கனம்பண்ணச் சொல்லும் ஐந்தாம் கட்டளை அவர்களுடைய மூச்சோடு முடிந்துவிடுவதன்று. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் அவன் கல்லறைக்கு வருமுன் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதுகிறார். தெசலோனிக்கேயருக்கு நிருபம் வரைந்த பவுலும் நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றாரேயன்றித் துக்கத்தையே விலக்கவில்லை. ஆகையால், விளக்கேற்றாத வாசலைக் கண்டு அவ்வீட்டாரின் விசுவாசத்தை அளப்பவர் வேதத்தையும் அறியார், மனித நெஞ்சையும் அறியார்.

எதிர்ப்பக்கத்து நியாயமும் வலியது. நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்டு அழுத ஜனங்களிடம், அன்று பரிசுத்த நாளாகையால் அழுகையை நிறுத்தி, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புமாறு சொல்லப்பட்டதை நெகேமியாவின் புத்தகம் கூறுகிறது. கிறிஸ்து பிறப்பின் வரலாறே வியாகுலம் கலந்ததுதான்: குழந்தையைக் கையில் ஏந்திய சிமியோன் தாயின் ஆத்துமாவை உருவப்போகும் பட்டயத்தைப் பற்றிப் பேசினான், ஏரோதின் வாளுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெத்லகேம் தாய்மாரை மத்தேயு மறைக்கவில்லை. அழுத கண்ணோடு ஆலயத்துக்கு வருகிறவன் அயலாருடைய விழாவுக்கு வந்தவனாகான்.

இவ்விரு நியாயங்களுக்கும் இடையே வழி காண, காஞ்சியின் தறிவீடுகளையே நோக்கலாம். வீட்டில் சாவு நேர்ந்துவிட்டதற்காகத் தறியில் ஏறிய பாவை யாரும் அறுத்தெறிவதில்லை. காரியங்கள் முடிந்தபின், தன் இல்லத்தில் பட்டுடுத்த மனமில்லாத நெசவாளி, யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவைக்குக் கரையையும் உடலையும் கோர்வையாக இணைத்து நெய்து முடிக்கிறான். இறந்தவருக்கு இது அவமரியாதை என்று ஊர் சொல்வதில்லை. ஏனெனில், அது பிறருக்குப் பட்ட கடன். பண்டிகையையும் அவ்வாறே பகுத்துப் பார்த்தல் தகும். புத்தாடையும் விருந்தும் அலங்காரமும் நம்முடைய இன்பங்கள். அவற்றை ஓராண்டு ஒதுக்கிவைக்க ஒருவனுக்குப் பூரண உரிமை உண்டு. ஆண்டவருக்குரிய ஆராதனை, ஏழைக்குரிய பங்கு, சிறு பிள்ளைக்குரிய மகிழ்ச்சி ஆகியவையோ பிறருக்குரியவை. இறந்தவர் பெயரைச் சொல்லி அவற்றை நிறுத்த எவருக்கும் அதிகாரமில்லை.

தெருவாரின் நாவுக்கு அஞ்சித் துறப்பதும், விசுவாசத்தை மெய்ப்பிக்கவேண்டி வலிந்து சிரிப்பதும் ஒரே பொய்யின் இரு வடிவங்கள். அவற்றினும் கொடியது, கணவனை இழந்த தாயை மங்கலக் காரியங்களிலிருந்து ஒதுக்கும் உலக வழக்கை அப்பண்டிகை நாளிலும் அவள்மேல் சுமத்துவது. சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தவரின் பிறந்தநாள் அது. ஆதலின், மறைந்த தந்தைக்குச் செய்யும் கனம் உயிரோடிருக்கும் தாயின் விருப்பத்தைக் கேட்பதில் தொடங்க வேண்டும். விளக்கேற்றச் சொன்னால் அவளே ஏற்றட்டும். இவ்வருஷம் வேண்டாம் என்றால், அதை அவிசுவாசம் என்று சொல்லும் உரிமை போதகருக்கும் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை.