சித்ரகுப்தன் மெஷின்

ஜிம்மில் எலிப்டிகல் என்று ஒரு மெஷினைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளுக்கும் மாடிப்படிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். பெடலை விட்டுக் கால் எழும்பாது. அதனால் ஓடும்போது மூட்டில் விழுகிற அடி இதில் கிடையாது. நல்ல மெஷின்தான். ஆனால் அதில் ஏறியவர்கள் பார்ப்பதெல்லாம் முகத்துக்கு நேரே ஓடும் எண்களை. கலோரி: 120... 121... 122.

அந்த முகங்களைக் கவனியுங்கள். கடன் அடைக்கிற முகங்கள். நேற்று ரிசப்ஷனில் இரண்டு குலாப் ஜாமூன். இன்று காலை பரிகாரம். சிலர் அட்வான்ஸாகவே கட்டிவிடுகிறார்கள். 'ராத்திரி பிரியாணி இருக்கு, இப்பவே 300 எரிச்சுட்டா கவலையில்லை!' சித்ரகுப்தனின் பேரேட்டை யாரோ கரண்ட் கொடுத்து ஜிம்மில் நிறுத்திவிட்டார்கள்.

கணக்கு சரிதானா? போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் அரை மணி மிதித்தால் சுமார் 175 கலோரி செலவாகும். அதே அரை மணி சும்மா உட்கார்ந்து டி.வி. பார்த்திருந்தாலும் 35 போயிருக்கும். கழித்தால் 140. ஒரு கைப்பிடி முந்திரி, அவ்வளவுதான்! பாதி எடையைப் பிடிமேல் சாய்த்துக்கொண்டு மிதித்தால் அதுகூட இல்லை. மெஷின் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும்.

உடம்பும் லேசுப்பட்டதல்ல. டான்சானியாவில் ஹட்சா என்ற மக்கள் இருக்கிறார்கள். மைல் கணக்கில் நடந்து, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, வேட்டையாடிச் சாப்பிடுபவர்கள். ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் அளவு வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தி அமெரிக்கர்களுடையதைவிட அதிகமில்லை என்று தெரிந்தது. கூடுதல் உழைப்பை உடம்பு வேறெங்கோ சிக்கனம் பண்ணிச் சரிக்கட்டிவிடுகிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம்.

ஆக, பற்றும் வரவும் நேராகாது. ஆனால் கேள்வி கலோரியோடு நிற்கவில்லை. செய்த தப்பை இன்னொரு நல்ல காரியத்தால் அழித்துவிட முடியுமா? லஞ்சம் வாங்கிவிட்டு உண்டியலில் பத்து பர்சென்ட் போடுகிறவர், காலையில் மனைவியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு மாலையில் மல்லிகைப்பூவோடு வருகிறவர், எல்லோரும் இந்த மெஷினில்தான் நிற்கிறார்கள். பூ வாடிவிடும். வார்த்தை நிற்கும்.

இதில் பெரிய நஷ்டம் நல்ல காரியத்துக்குத்தான். பரிகாரமாகச் செய்யும்போது அது தண்டனையாகிவிடுகிறது. நண்பர் ஆசையாக ஊட்டிய ஜாமூன் குற்றமாகிறது. வேர்க்க வேர்க்க மிதித்தது அபராதமாகிறது. இரண்டிலும் சந்தோஷம் போச்சு. வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையும் சாப்பிடுவது பாவம் என்று கற்றுக்கொள்கிறது. மிதிப்பதன் நிஜமான லாபங்கள் வேறு. இதயம் பலப்படுகிறது, ரத்தத்தில் சர்க்கரை அடங்குகிறது, ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது. இதில் எதையும் அந்தத் திரை காட்டாது. நல்லது பலன் தருவது நல்லது என்பதாலேயே. பழைய பாக்கியை அது கேட்பதில்லை.

நாளைக்கு ஏறியவுடன் கழுத்திலிருக்கும் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டுவிடுங்கள். அப்புறமும் மிதிக்கத் தோன்றினால் அது பயிற்சி. தோன்றாவிட்டால், இத்தனை நாள் நீங்கள் கட்டியது வெறும் வட்டி.