பின்னால் நிற்கும் அன்பு

கற்பது குழந்தையின் இயல்பு. கற்பிப்பது பெரியோரின் கடமை. இயல்பு தானே செயற்படுமாயின் கடமைக்கு இனி இடம் உண்டா? இவ்வினாவை நம்முன் கூர்மையாக எழுப்பியது ஒரு சுவர்.

1999 ஜனவரியில், புதுதில்லியின் கால்காஜிப் பகுதியில், தாம் பணியாற்றிய நிறுவனத்தின் மதிற்சுவரைத் துளைத்து, இணைய வசதியுள்ள கணினி ஒன்றைப் பொருத்தினார் சுகதா மித்ரா. சுவருக்கு அப்பால் குடிசைப்பகுதி. ஆசிரியர் எவரும் அங்கு நிறுத்தப்படவில்லை. ஆயினும், ஒருவர் கண்டதை மற்றவருக்குக் காட்டியும், தவறியபோது ஒருவரையொருவர் திருத்தியும், சிறுவர்கள் கணினியை இயக்கத் தாமே கற்றனர்.

இதைக் கண்டு, 'இனி ஆசிரியர் எதற்கு?' என்று கேட்டோர் உண்டு. அவர்களுக்கு விடையளிப்பது காளிக்குப்பம் என்னும் தமிழ்ச் சிற்றூர். அங்குள்ள 10 முதல் 14 வயதுச் சிறாரிடம், டி.என்.ஏ. பற்றிய ஆங்கிலப் பாடங்கள் கணினியில் வழங்கப்பட்டன. தாமாகவே பயின்று அவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு மதிப்பெண் பெற்றனர். பின்னர், அவர்களோடு பழகிய இளம்பெண் ஒருவர் துணைக்கு வந்தார். உயிரியல் அவருக்குத் தெரியாது. பின்னால் நின்று, "எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டு" என்று பாட்டிமார் வியப்பதுபோல் வியந்தார், அவ்வளவே. மதிப்பெண் 50 விழுக்காட்டை எட்டியது. 2010-இல் வெளிவந்த இவ்வாய்வு, தற்கற்றலின் ஆற்றலை மட்டுமன்றி எல்லையையும் காட்டியது.

அப்பெண் வழங்கியது அறிவு அன்று, கவனம். எனவே, 'நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?' என்று ஒதுங்கும் பெற்றோரும், விலையுயர்ந்த கருவியை வாங்கித் தந்ததோடு கடமை முடிந்ததெனக் கருதும் பெற்றோரும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றனர். விடுதலை தருவது வேறு, கைவிடுவது வேறு.

கைவிடப்பட்டால் கருவியும் வாழாது. இமயமலைச் சாரலின் அல்மோரா வட்டாரத்தில் இத்தகைய கணினிகள் செயலிழந்து கிடந்ததைப் பாயல் அரோரா என்னும் ஆய்வாளர் அதே 2010-இல் எடுத்துரைத்தார். பழுதைத் திருத்தவும், வலியவன் முன்னே நெருக்கும்போது எளியவளுக்கு இடம் வாங்கித் தரவும் ஒருவர் வேண்டுமன்றோ?

மற்றொன்றையும் நாம் எண்ணிப் பார்த்தல் நன்று. கால்காஜியில் பல சிறுவர்க்கு ஒரே திரை. ஆகவே பகிர்ந்தனர், வாதிட்டனர், சேர்ந்து கற்றனர். இன்று நம் இல்லங்கள் பலவற்றில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கைப்பேசி. கருவியைப் பெருக்கினோம், கூட்டத்தைக் கலைத்துவிட்டோம். தனித்திருந்து திரையை நோக்கும் பிள்ளை அதே கல்வியைப் பெறுகிறது என நாம் எவ்வாறு நம்புவது?

பிள்ளைக்கு முன்னே நின்று வழியை மறைக்க வேண்டா. விலகிச் சென்று மறக்கவும் வேண்டா. பின்னால் நிற்போம். அதற்குப் பட்டம் தேவையில்லை; நேரம் மட்டுமே தேவை. நம்மிடம் இல்லையென நாம் அடிக்கடி சொல்வதும் அதுவே.