சத்தம் நின்றால் போதுமா?

பழைய மோட்டார் வண்டியை விற்க நினைப்பவர்களிடையே ஓர் உபாயம் வழங்கி வருகிறது. என்ஜினுக்குள் 'டக், டக்' என்று தட்டினால், இருக்கிற ஆயிலை வடித்துவிட்டுக் கெட்டி ஆயிலாக ஊற்றிவிட வேண்டியது. பேரிங் தேய்ந்ததால் விழுந்த இடைவெளியை அது கொஞ்ச நாள் மெத்தை போல அடைத்துக்கொண்டு நிற்கும், சத்தம் அடங்கும். வாங்க வந்தவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் திருப்தியோடு முன்பணம் கொடுப்பார். விற்றவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என்ஜினைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆனாலும் அங்கே ஒரு பொய் நடந்திருக்கிறது. அதைச் சொன்னது யார்?

சேர்வராயன் மலையில் பழைய பிக்கப் வண்டிகளில் போய் வருகிறவர்களுக்கு இது வெறும் தர்க்கமாகத் தோன்றாது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அதற்குள் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறியாக வேண்டும். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடைத்தெருவில் பூனை மாதிரி போன வண்டி, அடிவாரம் தாண்டி உரமூட்டைகளோடு மேடேறத் தொடங்கியதும் தட்டும். "மலை ஏறினா எந்த வண்டிதான் முனகாது?" என்பார் வண்டிக்காரர். பழி மலைமேல் போய்விடும். மனிதர்களைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசுகிறோம்: "கஷ்டகாலம் வந்ததால் அப்படி நடந்துகொண்டான், மற்றபடி தங்கமான பிள்ளை." எனக்கு இந்த நியாயம் முழுதும் பிடிபட்டதில்லை.

சேலத்து மெக்கானிக் ஒருவர், பட்டறையில் நிற்கும் வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவே மறுத்துவிட்டார். "நின்ன எடத்துல எல்லா வண்டியும் நல்ல வண்டிதானுங்க. மலைக்கு எடுங்க, கேட்டுப் பார்க்கலாம்" என்றார். அது ஒரு காப்பித் தோட்டத்துப் பழைய பெட்ரோல் பிக்கப். நானும் அதில் இருந்தேன். அவர் சொன்ன பாடம் இது: காலைக் குளிரில் கேட்டு, என்ஜின் சூடேறியதும் மறைகிற சத்தமென்றால், பெரும்பாலும் பிஸ்டன் தளர்ந்திருக்கிறது, அதோடு பல வருஷம் குடித்தனம் நடத்தலாம். மேட்டில் பெரிய கியரில் திணறும்போது சலங்கை குலுங்குகிற மாதிரி கலகலத்தால், பெட்ரோல் முறைதவறி வெடிக்கிறது; டைமிங், உள்ளே படிந்த கரி, மட்டமான பெட்ரோல் இவற்றில் ஏதாவது ஒன்று காரணம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிவதால், இந்த இரண்டாவது சத்தம் குறையத்தான் நியாயம். எங்கள் வண்டியிலோ பதினைந்தாவது வளைவுக்கு மேல் தட்டல் கனத்துக்கொண்டே வந்தது. ஆயில் காய்ந்து நீர்த்துவிட, அடியிலிருந்து யாரோ சம்மட்டியால் அடிப்பது போலிருந்தது. வண்டியை ஓரங்கட்டி, என்ஜின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாவதைக் கழற்றியதும் தட்டல் தணிந்தது. "கனெக்டிங் ராட் பேரிங்குங்க. என்ஜினை இறக்கணும்" என்றார். வண்டிக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இறக்காம, சத்தத்தை மட்டும் நிறுத்த முடியாதா?"

இதே கேள்வியை உலகம் ஒருமுறை பெரிய அளவில் கேட்டது, பதிலும் கிடைத்தது. மேலே சொன்ன சலங்கைச் சத்தம்தான் அன்று மோட்டார்த் தொழிலின் பெரிய தலைவலி. 1921 டிசம்பரில், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் துளியளவு கலந்தால் அந்தத் தட்டல் அடங்குவதைக் கண்டார். ஆல்கஹால் கலந்தாலும் அடங்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஈயம் நஞ்சு என்பது யாருக்குமே தெரியாததல்ல. 1923-இல் சரக்கு விற்பனைக்கு வந்தபோது அதற்கு 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஈயத்தைக் காணோம். அதே வருஷம் மிட்ஜ்லியே உடம்பில் ஏறிய ஈயத்தால் ஓய்வெடுக்கப் போக நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அந்த மாத முடிவில் அவர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார், மோந்தும் காட்டினார். என்ஜின்கள் அமைதியாயின. ஈயம் புகையோடு போய்க் குழந்தைகளின் ரத்தத்தில் தங்கிற்று. இந்தியா 2000-ஆம் ஆண்டில் அந்தப் பெட்ரோலைக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல். இன்று நம் பெட்ரோலில் கலப்பது எத்தனால், அதாவது மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த அந்த ஆல்கஹால்.

சத்தம் கேட்ட போதெல்லாம் என்ஜினைப் பிரித்துப் போடு என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பிரித்தே நல்ல என்ஜின்களைக் கெடுத்தவர்களும் உண்டு. கையில் காசில்லாதவன் கெட்டி ஆயிலை ஊற்றி அடுத்த வரவு வரைக்கும் தள்ளினால், அவனைப் பழிக்க எனக்கு மனம் வராது. தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவன் மாதிரி, தெரிந்த ஆபத்தைத் தானே சுமக்கிறான். ஆனால் பிறத்தியானுக்குத் தெரியாமல் அவன் காப்பியில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, "உனக்கு ஒரு நோயும் இல்லை" என்று சொன்னால்? வண்டி விற்பவர் செய்வது இதுதான். வாயைத் திறக்காததால் அவர் பொய்யர் அல்ல என்று எந்தச் சட்டமும் சொல்லட்டும், நான் ஒப்பமாட்டேன். உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சி அந்தத் தட்டல். அதன் வாயைக் கட்டியது அவர்.

விற்காமல் தானே வைத்து ஓட்டுகிறவர் விஷயமும் அவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடவில்லை. தேய்ந்த ராட் ஒருநாள் முறிந்தால் என்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஏற்றத்தில், பாரத்தோடு இருக்கும்போதுதான் அது முறியவும் செய்யும். அன்று எங்கள் வண்டியின் பின்புறம், உரமூட்டைகளின் மேல், தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். மூன்றாவது சிலிண்டரைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வளைவுகளில் வண்டி தட்டும்போதெல்லாம், மலை ஏறினால் அப்படித்தான் என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.