படிப்பின் மதிப்பும் கடனின் பாரமும்

 



நம் திருச்சி காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மகளிரியல் துறை இருக்கிறது. பெண்களின் சொத்துரிமை, கூலி, குடும்ப வன்முறை, சட்டம் ஆகியவற்றை ஆராயும் படிப்பு அது. ஒரு மகள் அதைப் படிக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தா கேட்கும் முதல் கேள்வி, "இதைப் படிச்சா என்ன சம்பளம்மா கிடைக்கும்?" என்பதுதான்.

அந்தத் தகப்பனை உலக ஆசை பிடித்தவர் என்று குறை சொல்லிவிடாதீர்கள். ஹலாலான சம்பாத்தியத்தைப் பற்றிக் கவலைப்படுவதும் மார்க்கம்தான். ஆனால் அந்த ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டா என்பது ஒன்று. இதற்காகக் கடன் வாங்கலாமா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பல வீடுகளில் தவறான முடிவு எடுக்கிறோம்.

முதல் கேள்வியைப் பார்ப்போம். குர்ஆனின் 58-வது அத்தியாயமான அல்முஜாதலா எப்படித் தொடங்குகிறது? கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்ற பெண்மணி, தன் கணவர் தன்னைத் தாய்க்கு ஒப்பிட்டு ஒதுக்கிவிட்டதாக நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் அந்த முறையீட்டைச் செவியேற்றான். அறியாமைக் கால வழக்கத்தை மாற்றும் சட்டமே இறங்கியது. ஒரு பெண்ணின் முறையீட்டைக் கவனித்துக் கேட்பதும், அதற்கு நியாயம் தேடுவதும் எவ்வளவு பெரிய காரியம் என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படிப்பில் சொல்லப்படும் கருத்துக்கள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. மார்க்கத்தோடு உரசிப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தலாக், ஜீவனாம்சம், வாரிசுப் பங்கு என்று கண்ணீரோடு ஜமாஅத்துக்கு வரும் பெண்ணிடம் உட்கார்ந்து பேச, படித்த ஒரு பெண் நம் மஹல்லாவில் வேண்டுமா, வேண்டாமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் ஒரு விஷயத்தை வேதனையோடு சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்கள் காலத்தில் எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் இல்லை. ஆனால் ஃபிக்ஹ் படிக்கவோ கூட்டம் அலைமோதியது. காரணம், அதைப் படித்தால் காஜி பதவியும் வக்ஃபு நிர்வாகமும் கிடைக்கும். மருத்துவத்தில் அவை கிடைக்காது. ஃபிக்ஹ் சிறந்த இல்மு என்பதில் இமாமுக்கு மறுப்பில்லை. சமுதாயத்தின் தேவையைப் பார்க்காமல் பதவியையும் வருமானத்தையும் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததைத்தான் அவர்கள் கண்டித்தார்கள். 900 ஆண்டுகளுக்கு முன் சொன்னது. இன்று பாடங்களின் பெயர்தான் மாறியிருக்கிறது.

சரி, மதிப்பு உண்டு. அதற்காகக் கடன் வாங்கலாமா? மதிப்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கடன் ரூபாயில்தான் அடைபடும். ஒரு கணக்குச் சொல்கிறேன். 4 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 6,600 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டுமே ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அதே பாடத்தை வெளிநாட்டில் படிக்க 25 லட்சம் வாங்கி 10 வருடத் தவணை போட்டால் மாதம் 33,000. தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் பெண் இதை எங்கிருந்து கட்டுவாள்? அதற்கும் மேலாக, வட்டியின் பாவம் எப்படிப்பட்டது என்பதை அல்பகராவின் வசனங்களில் நாம் ஓதியிருக்கிறோம்.

கல்விக்கடன் வட்டிக்கு மானியம் தர 2009-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டமும் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கென்றே வகுக்கப்பட்டது. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்குக் கைகொடுத்த மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. சம்பளம் குறைந்த படிப்பைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தாங்கல் குறைவு என்பதுதான் நிலவரம்.

கடனாளியாக இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். இதை எல்லோரும் சொல்வோம். பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அல்லாஹ் வெற்றிகளையும் செல்வத்தையும் கொடுத்தபோது, கடனோடு இறப்பவரின் கடனைத் தாமே ஏற்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கடன் வாங்குகிறவனுக்கு எச்சரிக்கை, வசதி வந்த சமுதாயத்துக்குப் பொறுப்பு. இரண்டும் சேர்ந்ததுதான் சுன்னத்.

ஆகவே, பிள்ளைகளே! விருப்பமான பாடத்தைப் படியுங்கள், வட்டிக்கடன் இல்லாத வழியில் படியுங்கள். கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டப்படிப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நெட் தேர்வில் மகளிரியலும் ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம்.

பெற்றோர்களே! மகளின் கல்யாண மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் கைக்கூலிக்கும் கடன் வாங்கும்போது, 'இதனால் என்ன சம்பளம் வரும்?' என்று யாராவது கேட்டதுண்டா? ஒரே நாளில் முடியும் விருந்துக்குக் கேட்காத கேள்வியை, ஆயுள் முழுக்க கூட வரும் படிப்புக்கு மட்டும் கேட்பது நியாயமா?

ஜமாஅத் பொறுப்பாளர்களே! 1951-இல் ஜமால் முஹம்மது கல்லூரி இந்த ஊரில் எழுந்தது எப்படி? ஜமால் முஹம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வியாபாரிகள். லாபம் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் கல்விக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வரும் மாற்றுமதப் பிள்ளைகளுக்கும் அதன் வாசல் திறந்தே இருக்கிறது. அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும், ஒவ்வொரு மஹல்லாவின் பைத்துல்மாலிலும் வட்டியில்லாத அழகிய கடனுக்கு ஒரு பங்கு ஒதுக்க முடியாதா? ஜகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் உண்டு. அசலையே அடைக்க முடியாமல் தவிக்கும் பட்டதாரி யாரென்று தேடுங்கள். ஆலிம்களிடம் சட்டத்தைக் கேட்டு, அவருக்குக் கைகொடுங்கள்.

நமக்கு ஒரு கல்வி தேவை, அதற்குச் சந்தையில் விலை இல்லை என்றால், அந்த விலையை நாம் கொடுக்க வேண்டும். ஒரு இருபது வயதுப் பெண்ணின் தலையில் அதைக் கட்டிவிட்டு, அவளுடைய சேவையை மட்டும் நாம் வாங்கிக்கொள்வது அநீதி.

யா அல்லாஹ்! பயனளிக்கும் கல்வியையும், ஹலாலான ரிஸ்கையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தருவாயாக! கடனின் பாரத்திலிருந்தும் வட்டியின் கேட்டிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் சமுதாயமாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.