கேட்டால் மட்டும் சொல்வது

மதுராந்தகம் வரை வந்த பிறகும் ஜி.எஸ்.டி. சாலையோர மனை விளம்பரங்களில் சென்னை 'மிக அருகில்'தான் இருக்கிறது. வேடந்தாங்கல் பக்கத்துக்காரர்களுக்கு இது பழகிய வேடிக்கை. பறவைகளும் இப்படித்தான் விளம்பரத்துக்குப் போகின்றன. மே மாதத்தில் ஏரி வெடித்துக் கிடக்கும்போதும், சுற்றுலா நோட்டீசில் கூழைக்கடாக்கள் கூட்டமாக நிற்கும். படம் அசல் படம்தான். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வந்தால்தான் அந்தக் காட்சி கிடைக்கும், அதுவும் மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தால், என்பதை மட்டும் யாரும் அச்சடிப்பதில்லை.

வியாபாரத்தில் முழுப் பொய் அபூர்வம். மாட்டிக்கொண்டால் சிக்கல் என்று விற்பவருக்கும் தெரியும். ஓர் உண்மையை முன்னால் நிறுத்தி, இன்னொன்றை அதன் நிழலில் உட்கார வைப்பதுதான் வழக்கம்.

காஞ்சிபுரம் பட்டைப் பாருங்கள். 2004-ல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 'சில்க் மார்க்' வந்தது. புடவையில் தொங்கும் அந்தச் சீட்டு, நூல் அசல் பட்டு என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, நெய்தது கைத்தறியா விசைத்தறியா என்பதெல்லாம் அதன் பொறுப்பில்லை. கைத்தறிக்கு வேறு முத்திரை, காஞ்சிபுரத்துக்கென்று புவிசார் குறியீடு வேறு. கடையில் புடவையை விரித்துப் போடுகிறவர் "கவர்மென்ட் முத்திரையே இருக்கும்மா" என்பார். கேட்கிற அம்மா மூன்றுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிடுவார்.

ஜரிகையில் விஷயம் இன்னும் நுட்பம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். செம்புக் கம்பிக்கு வெள்ளிப் பூச்சுக் கொடுத்துச் செய்யும் மலிவு ரகம் ஒன்று உண்டு. சந்தையில் அதற்கு 'டெஸ்டட் ஜரிகை' என்று பெயர். புதிதாக வாங்குகிறவர் காதில் அது எப்படி விழும்? சோதித்துத் தேறிய சரக்கு என்றுதானே! கடைக்காரர் பொய் சொல்லவில்லை, விளக்கவில்லை, அவ்வளவே. வருஷங்கள் கழித்து, "பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்குறது" என்று தெருவில் குரல் கொடுத்து வருகிறவரிடம் கல்யாணப் புடவையைக் காட்டும்போதுதான் கணக்குத் தெரியவரும். அவர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மாமல்லபுரத்தில் கல். 2015-ல் உலகக் கைவினைக் கவுன்சில் அந்த ஊரைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017-ல் அங்கே செதுக்கும் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஐந்து ரதம் போகிற வழியில் உளிச் சத்தத்தோடு கட்டிங் மெஷின் சத்தமும் கேட்கும். மெஷினைத் தொட்டதால் கைவேலை இல்லை என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கருங்கல்லில் வேண்டாத பகுதியை மெஷினால் வெட்டித் தள்ளிவிட்டு, முகத்தையும் விரல்களையும் உளியால் எடுக்கிறவர் சிற்பிதான். நாள் முழுக்கக் கல் தூசியை மூக்கில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் நாம் தூய்மைவாதம் பேசுவது அழகில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கல்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த பிள்ளையாரை, செதுக்கிய பிள்ளையாருக்குப் பக்கத்தில், அதே தட்டில், ஒன்றும் சொல்லாமல் வைப்பது. அடியைத் திருப்பினால் அச்சின் விளிம்பு தெரியும். பெரும்பாலோர் திருப்புவதில்லை.

ஒரு பட்டறையில் இதைப் பேசியபோது சிற்பி ஒருவர் சொன்னார்: "கைல செஞ்சதுதான் வேணும்னு கேக்குறாங்க சார். வெல மட்டும் அச்சு பொம்ம வெல பேசுறாங்க. உண்மையச் சொல்லி விக்கிறவன் சாயங்காலம் வீட்டுக்கு என்ன எடுத்துட்டுப் போவான்?"

அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஏமாற்றுதான். வீட்டுமனை விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டவர் ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி இழப்பீடு கேட்கலாம். பெரிய நிறுவனங்களை இவை ஓரளவு பயமுறுத்தும். கடைத் தட்டில் பேசாமல் இருக்கிற பிள்ளையார் விஷயத்தில் யார் புகார் எழுதப் போகிறார்கள்?

அங்கே விற்பவரின் மனசு ஒன்றுதான் சட்டம். அந்த மனசுக்கு ஒரு விலை உண்டு. அதில் பாதியையாவது வாங்குகிறவர் தர வேண்டாமா? உண்மை சொல்கிற கடையில் பாதிக்குப் பாதி பேரம் பேசிவிட்டு, சொல்லாத கடையில் போய் மலிவாக வாங்கி வருகிறோம். பிறகு வீட்டில் உட்கார்ந்து, காலம் கெட்டுப்போச்சு என்கிறோம். விற்கிறவர்களைப் பற்றி மட்டும் கட்டுரை எழுதுவது சுலபம், நானும் இவ்வளவு தூரம் அதைத்தான் செய்தேன்.

இப்போதெல்லாம் கடையில் "இது என்ன?" என்பதோடு, "இதுல என்ன இல்ல?" என்றும் கேட்டுப் பார்க்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. சிலர் மழுப்புகிறார்கள். ஒரு ஜவுளிக்கடைப் பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வெள்ளி கம்மிதான் தம்பி, நாள்பட்டா கறுக்கும். கல்யாணத்துக்குன்னா இது வேணாம், தெனப்படி கட்டிக்கிறதுன்னா எடுத்துக்கங்க" என்றார். தினப்படிக்குத்தான் வேண்டியிருந்தது. பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.